எடமலைப்பட்டி புதூர் டிவி

வீடியோ ஆப் எழுதுகிறவள் நான். ஜனங்கள் டிவியிலும் போனிலும் சினிமா, சீரியல், மேட்ச் எல்லாம் பார்க்கிறார்களே, அந்த ஆப்புக்கு உள்ளே ஓடுகிற புரோகிராமை எழுதுவது என் பிழைப்பு. படித்து முடித்ததிலிருந்து இந்த ஒரு வேலைதான், கம்பெனிகள்தான் மாறின. ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று ஈ காக்கைகூட நினைக்காது. திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டால் போதும், என் பரம்பரையையே சந்திக்கு இழுப்பார்கள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வேலையும் அங்கிருந்தேதான். கீழே வீட்டுக்கார மாமி. உலகத்தில் எந்த ஆப் நின்றாலும் மாமி மாடிப்படி ஏறி வந்துவிடுவார்.

“ஏன்டிம்மா, பெருமாள் புறப்பாடு ஆயிண்டிருக்கு, நடுவுல சுத்திண்டே நிக்கறதே! என்னத்தப் பண்ணி வெச்சிருக்கேள்?”

“மாமி, அது எங்க ஆப் இல்லை.”

“எல்லாம் ஒண்ணுதானே.”

“பெருமாள் ரெண்டு தெரு தள்ளித்தான் போயிட்டிருக்காரு மாமி. எட்டிப் பார்த்தா வட்டம் சுத்தாது.”

மாமி விறுவிறுவென்று படி இறங்கிப் போனார். அன்றைக்குத் தண்ணீர் மோட்டார் போட மறந்துவிட்டார். இப்படித்தான் என் தொழிலுக்குக் கிடைக்கிற மரியாதை.

ஆனால் மாமியெல்லாம் அப்பாவுக்கு முன்னால் எம்மாத்திரம்! அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. மூட்டையைக் கையால் தட்டிப் பார்த்தே உள்ளே எத்தனை அழுகல் என்று சொல்லிவிடுவார். கண்ணால் பார்க்க முடியாத, கையால் தூக்க முடியாத எதுவும் அவருக்குச் சரக்கு இல்லை. என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: “தியேட்டர்ல ஆபரேட்டர் ரீல் மாட்டுவான்ல, அதை இவ கம்ப்யூட்டர்ல மாட்டுறா.” சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். நான் இளித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அம்மா போன பிறகு தம்பியின் கல்யாணத்தை அப்பா ஒற்றை ஆளாக நின்று நடத்தினார். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும் மீதி முடிச்சை அவன் கூடப் பிறந்தவள்தான் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. கூடப் பிறந்தவள் என்று இருப்பது நான் ஒருத்திதான். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, தயாராகத்தான் இருந்தேன். அன்றைக்கு என்று பார்த்து வெளிநாட்டில் ஒரு மேட்ச். அங்கே பகல் ஆட்டம், இங்கே முகூர்த்த நேரம். ஊர் முழுக்கப் பார்க்கிற மேட்சில் எங்கள் ஆப் படுத்துவிட்டது. மணமகள் அறைக்குப் பக்கத்து அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, வளையல் கையோடு ஆப்பைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தேன். நான் நிறுத்தாவிட்டால் யார் நிறுத்துவது? அந்தப் பகுதியை எழுதியவள் நான்.

கெட்டிமேளம் கேட்டதும் எழுந்து ஓடினேன். மேடையேறி, மணமகளுக்குப் பின்னால் போய், கையையும் நீட்டிவிட்டேன். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் தாலிக் கயிறு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெரியப்பா மகளின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டார்.

“நீ போடும்மா. அவளுக்குப் பொட்டிதான் பெருசு.”

அவள் போட்டாள். நான் நீட்டிய கையோடு நின்றேன். போட்டோக்காரன் அதையும் எடுத்துத் தொலைத்தான். ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது அப்பாவிடமிருந்து வந்த சொத்து, தம்பிக்குப் பங்கு கிடையாது. பந்தி நடக்கிற இடத்தில், அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் கல்யாணத்தன்று காலையில் வெங்காய லாரி வந்துவிட்டது என்று மாப்பிள்ளையான அவரே மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். சரக்கை இறக்கிவிட்டு, வேட்டியில் செம்மண்ணோடு முகூர்த்தம் முடிகிற நேரத்துக்கு வந்து தாலி கட்டினார். அம்மா இருந்தவரை சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அது.

“உங்க லாரிக்காக எங்கம்மா மணையில காத்திருந்தா. எனக்காக ஒரு நொடி காத்திருக்க உங்களால முடியலை, இல்லை?”

“லாரியும் உன் பொட்டியும் ஒண்ணா? அது சோறு போட்டுச்சுடீ!”

“இதுவும் எனக்குச் சோறு போடுது. உங்க சோத்தை நான் சாப்பிட்டு வருஷமாச்சு.”

அப்பாவின் கையில் சாம்பார் வாளி இருந்தது. அதை அப்படியே கீழே வைத்தார்.

“இனிமே என் வீட்டுப் படி ஏறாதே.”

“ஏற மாட்டேன். நீங்க கூப்பிட்டாலும் ஏற மாட்டேன்.”

கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று யாரோ ஒரு பெரியம்மா சமாதானம் சொன்னார். சும்மா இருங்க பெரியம்மா என்று அவர் மேலும் விழுந்தேன். அதோடு சரி. அவர் எடமலைப்பட்டி புதூரில், நான் ஸ்ரீரங்கத்தில். நடுவில் ஒரு ஆறும் ஒரு ஊரும். தம்பி கல்யாணம் முடிந்து வேலைக்குப் பூனா போய்விட்டான். அப்பா வீட்டில் தனி ஆள்.

ஒன்றே ஒன்று மட்டும் அறுபடவில்லை. சண்டைக்கு முன்னால் அவர் டிவியில் எங்கள் ஆப்பைப் போட்டு, என் கணக்கிலேயே அவருக்கும் ஒரு பக்கம் திறந்து, ‘அப்பா’ என்று பெயர் வைத்துக் கொடுத்திருந்தேன். அதை நான் வெட்டவில்லை. அவரும் விடவில்லை. விடுவதற்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தெரியாததால்கூட இருக்கலாம். என் போனில் ஆப்பைத் திறந்து ‘அப்பா’ பக்கத்துக்குப் போனால், அவர் பாதியில் விட்ட படங்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் கருப்பு வெள்ளை. எல்லாம் பாதி. மார்க்கெட்டுக்காரர், விடியுமுன் எழுந்து பழக்கம். முட்டிவலி வந்து மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்ட பிறகும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து ஒரு படத்தைப் போடுவார், நாற்காலியிலேயே தூங்கிப்போவார். நான் காலையில் காபி போடும்போது பார்ப்பேன். புதிதாக ஒரு பாதிப் படம் இருந்தால், சரி, கிழவன் இருக்கிறான்.

பாசம் கீசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எதிரி இருக்கிறானா என்று பார்ப்பதும் மனுஷ சுபாவம்தான்.

இந்த நிலையில்தான் கம்பெனி ஒரு புது யோசனையோடு வந்தது. ஒரு கணக்கை வாங்கி ஊரே பார்க்கிறது, இனிமேல் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்றார்கள். செய்ய வேண்டியது எங்கள் குழு. பெங்களூரில் இருக்கிற மேனேஜர் தமிழன்தான். மரியாதையாகப் பேசியே ரத்தத்தை உறிஞ்சுவான்.

“வீடுன்னா எதை வெச்சு முடிவு பண்றது?” என்று மீட்டிங்கில் கேட்டேன்.

“ஒரே இன்டர்நெட் கனெக்ஷன்னா ஒரே வீடு. அவ்ளோதாங்க.”

“ஒரே குடும்பம் ரெண்டு வீட்ல இருந்தா?”

“அப்ப அது ரெண்டு குடும்பம்ங்க.”

மற்றவர்கள் சிரித்தார்கள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. அவனுக்கு என் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். உனக்கு அப்பன் ஆத்தா எந்த ஊர்ல இருக்காங்க என்று கேட்க வாய் வந்தது. மாதச் சம்பளம் வாயை மூடியது.

திட்டம் இதுதான். வெளி வீட்டு டிவியில் ஆப்பைத் திறந்தால் படம் வராது. நான்கு கட்டம் வரும். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால், கணக்குக்குச் சொந்தக்காரரின் போனுக்கு நான்கு எண் போகும். அவரிடம் கேட்டு அந்த எண்ணைக் கட்டத்தில் போட்டால் படம் வரும். போட்ட எண் சரி என்றால் சொந்தக்காரருக்கு ‘டிவி சேர்க்கப்பட்டது’ என்று இன்னொரு செய்தி வரும். சில நிமிஷத்தில் எண் செத்துவிடும். மாதம் பிறந்தால் மறுபடி முதலிலிருந்து.

“ரொம்ப ஈஸியா இருக்கக் கூடாதுங்க. கொஞ்சம் எரிச்சல் வரணும். எரிச்சல் வந்தாத்தான் தனியா கணக்கு வாங்குவாங்க” என்றான் மேனேஜர்.

மனுஷனுக்கு எரிச்சல் மூட்டுவது எப்படி என்று எனக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும்? எங்கள் குடும்பத் தொழில் அது. வெங்காயம்கூட அடுத்ததுதான்.

உள்ளே ஒரு வழி இருந்தது. நாங்கள் சோதித்துப் பார்க்கிற டிவிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அப்பாவின் டிவியையும் அதில் சேர்த்துவிட்டிருந்தால் அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதப் போனேன். திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? வரட்டும். வாயைத் திறந்து கேட்கட்டும். படி ஏறாதே என்று சொன்ன வாய்தானே, நம்பரைச் சொல்லு என்று ஒரு தடவை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? கேட்டால் கொடுக்கிறேன். கேட்காவிட்டால் அந்தப் பாதிப் படங்களும் போகட்டும், எல்லாம் போகட்டும்.

புது ஆப் வெளியான மறுநாள் காலை, காபி கொதிக்கும்போது போன் முனகியது. ‘எடமலைப்பட்டி புதூர் டிவி அனுமதி கேட்கிறது.’ கீழே நான்கு எண். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அழைப்பு வரவில்லை. எண் செத்தது. மறுபடி முனகல். புது எண். அதுவும் செத்தது. மறுபடி. காபி பொங்கி அடுப்பை அணைத்தது. மனுஷன் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கு அமுக்கு என்று அமுக்குகிறார். விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டனாக நான் பிறந்திருக்கிறேன். அமுக்குங்கள், நன்றாக அமுக்குங்கள் என்று சமையலறையில் நின்று சத்தமாகவே சொன்னேன்.

தம்பி போன் செய்தான்.

“அக்கா, அப்பா டிவியில ஏதோ நம்பர் கேக்குதாம். எனக்கு அனுப்பேன், நான் சொல்லிடுறேன்.”

“கணக்கு என்னுது. அவரே கேக்கட்டும்.”

“உன்கிட்ட கேக்க மாட்டேங்கிறாரு.”

“அப்ப பாக்க வேணாம்.”

“நீயும் அவரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க. என்னமோ பண்ணுங்க, நடுவுல என்னை ஏன் அரைக்கிறீங்க?” என்று வைத்துவிட்டான்.

நாலைந்து நாள் இப்படியே போயிற்று. காலையானால் முனகல், முனகலுக்கு மேல் முனகல். பிறகு ஒரு காலை எதுவும் வரவில்லை. தோற்றார் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த காலையும் வரவில்லை. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இல்லை. ‘அப்பா’ பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பழைய பாதிப் படமே நின்றது. அதில் என்ன தெரியும்? பார்க்கிற வழியை அடைத்ததே நான்தானே. அதற்கடுத்த நாளும் வராதபோது, காய்கறி இல்லை என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினேன். ஸ்ரீரங்கத்தில் காய்கறிக்கா பஞ்சம்?

அப்பாவின் மண்டிப் பக்கம் போகவில்லை. அடுத்த சந்தில் நின்று வெங்காயம் பொறுக்கினேன். அப்படியும் அப்பாவிடம் வெகுகாலமாக மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். தலைச் சும்மாட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“பாப்பா, நல்லாருக்கீங்களா? அய்யாவ முந்தாநேத்து மண்டிக்கு வரச் சொல்லியிருந்துச்சு, வரலையே. போனும் எடுக்கலை. ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா?”

“நல்லாத்தான் இருக்காரு” என்றேன்.

“அதானே. மக பாத்துக்காமயா இருப்பீங்க!” என்று அவர் போய்விட்டார்.

பயம். வெறும் பயம். அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. வெங்காயப் பையோடு மெயின் ரோட்டுக்கு வந்தேன். இந்தப் பக்கம் நின்றால் ஸ்ரீரங்கம் பஸ், எதிர்ப்பக்கம் போனால் எடமலைப்பட்டி புதூர் போகிற பஸ். தம்பியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கூப்பிட்டாலும் ஏற மாட்டேன் என்று நானே அத்தனை பேர் முன்னால் சொன்ன படி. பாழாய்ப் போன மனுஷா, அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கித் தொலையேன் என்று திட்டிக்கொண்டே ரோட்டைக் கடக்கக் காலை வைத்தபோது போன் முனகியது. எடமலைப்பட்டி புதூர் டிவி அனுமதி கேட்கிறது. நான் அந்த நான்கு எண்ணைப் பார்த்தது பார்த்தபடி நிற்கிறேன், போன் அடித்தது. அப்பா.

எடுத்தேன்.

“யாரு?” என்றார்.

“நீங்கதானே பண்ணீங்க?”

“டிவி நம்பர் கேக்குது.”

“இத்தனை நாளா கேக்கலையா?”

“அமுக்கி அமுக்கி ரிமோட்ல பேட்டரி போயிருச்சு. முட்டி வீங்கிக் கெடக்கு, கடைக்கு யாரு போறது? இன்னைக்குத்தான் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கியாந்தான். ஏன், செத்துட்டேன்னு நெனச்சியா?”

“நெனச்சேன்.”

“ஆசைதான்.”

“மண்டியிலேருந்து கூப்பிட்டா எடுக்க மாட்டீங்களா? வீங்கியிருக்குன்னு ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொன்னா என்ன?”

“ஆபரேட்டரம்மாகிட்டவா சொல்லணும்? இந்த நம்பர் எழவெல்லாம் நீ செஞ்ச வேலையா?”

“ஆமா. நான் செஞ்சதுதான்.”

“வெளங்கிடும். சொல்லு.”

சொன்னேன். நான்கு எண். ஒரு நன்றியா, ஒரு சாப்பிட்டியாவா, ஒன்றும் கிடையாது. டக்கென்று வைத்துவிட்டார். வாயில் வந்ததையெல்லாம் ரோட்டோரத்தில் நின்று முணுமுணுத்தேன். பழக்கடைக்காரர் ஒருவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். போன் முனகியது: ‘டிவி சேர்க்கப்பட்டது.’ சரி, ஒழிந்தது, இனி அடுத்த மாதம்தான் இந்தக் குரல் என்று நினைத்துப் பையைத் தூக்கினேன்.

மறுபடி போன் அடித்தது. அப்பா.

“தப்பு நம்பராம். வாங்க மாட்டேங்குது. ஒழுங்காச் சொல்லு” என்றார்.

அவருக்குப் பின்னால் படம் ஓடிக்கொண்டிருந்தது. காது மந்தம், எப்போதும் முழுச் சத்தம்தான் வைப்பார். நாயகி எதற்கோ விக்கி விக்கி அழுவது இந்த மார்க்கெட் இரைச்சலிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சரியாகப் போட்டால் எனக்குச் செய்தி வரும் என்பது அவருக்குத் தெரியாது. அதையும் நான்தானே எழுதியிருக்கிறேன்.

வாய் வரை வந்தது. இந்த ஒரு தடவை கேட்டுவிட்டால் ஜன்மத்துக்கும் ஜெயித்தவள் நான். அப்பா, படம்தான் ஓடுதே!

பையைக் கீழே வைத்தேன்.

“பேனா எடுத்துக்குங்க” என்றேன்.

“எடுத்துட்டேன். மெதுவாச் சொல்லு, ஒண்ணும் லாரி நிக்கலை.”

மனதுக்குத் தோன்றிய எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் “ம்” என்றார். அந்தத் திரையில் இருப்பது நான்கு கட்டம். நான் ஆறு எண் சொன்னேன். அப்பா ஆறையும் எழுதிக்கொண்டு, தப்பில்லாமல் எனக்குத் திருப்பிப் படித்தார்.